வேலை மாறியாச்சு, வீட்டில் கைக்குழந்தை: முழு தூர ட்ரையத்லானுக்கு 24 வாரம். திட்டத்தை எப்படி மாற்றுவது?

பெடல்பித்தன் (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. முழு தூரப் போட்டிக்கு (நீச்சல் 3.8 கி.மீ., சைக்கிள் 180 கி.மீ., ஓட்டம் 42.2 கி.மீ.) இன்னும் 24 வாரம் இருக்கு. பதிவு பண்ணினப்போ இருந்த நிலைமை வேற, இப்போ வேற. புது வேலை, கைக்குழந்தை, வீடும் மாறியாச்சு. புது வீட்டுப் பக்கத்தில் நீச்சல்குளம் கிடையாது. ரெண்டு மாசமா பயிற்சி நின்னுபோச்சு.

பழைய திட்டம் வாரத்துக்கு 12 முதல் 14 மணி நேரம். இப்போ 7, ரொம்ப முயன்றால் 8. சனி, ஞாயிறில் ஏதாவது ஒரு நாள்தான் நீளமா வெளியே போக முடியும். பழைய எஃப்.டி.பி. (சைக்கிளில் சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்ச சராசரி வாட்) 240 வாட். நீச்சல் 100 மீட்டருக்கு 2:10. பெரிய நேரமெல்லாம் இலக்கில்லை, கட்-ஆஃப் நேர எல்லைக்குள் முடித்தால் போதும்.

விட்டுப்போன வாரங்களை எப்படி ஈடுகட்டுவது? 7 மணி நேரத்தில் இது நடக்குமா, இல்லை பாதித் தூரத்துக்கு மாறிடலாமா? எதை விடலாம், எதை விடவே கூடாது?


நீள்தூரம்:

ஈடுகட்டாதீங்க. போன வாரங்கள் போனதுதான். பழைய அட்டவணையைத் திறந்து "இந்நேரம் இந்த வாரத்தில் இருந்திருக்கணும்" என்று அங்கேயே நேராகக் குதிப்பவர்களுக்குத்தான் ஐந்தாறு வாரத்தில் கெண்டைக்கால் பிடிப்பும் கணைக்கால் எலும்பு வலியும் வருது. இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பும். தசைநாரும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூச்சு இடம் கொடுக்கிற நாளில் கால் இன்னும் தயாராகி இருக்காது.

ரெண்டு மாசத்தில் என்ன குறைஞ்சிருக்கும்? முதல் சில நாளிலேயே இரத்தத்தின் பிளாஸ்மா அளவு இறங்கத் தொடங்கும். அதனால்தான் அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு ஏறிக் காட்டும். நல்ல பயிற்சியில் இருந்து முழுசா நிறுத்தினவங்களுக்கு வி.ஓ.2 மேக்ஸ் (உடம்பு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்ஸிஜன் அளவு) மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதம், எட்டு வாரத்தில் சுமார் 15 சதவீதம் குறையும். பயந்துபோகிற அளவு இல்லை. ஆனால் பழைய எண்களை வைத்து ஓட்ட முடியாத அளவு.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இப்போ உங்க எஃப்.டி.பி. 215 என்று வைத்துக்கொள்ளுங்க. போட்டியில் 70 சதவீதம் ஓட்டலாம் என்று பழைய 240-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 168 வாட் வரும். அது 215-ல் 78 சதவீதம், அதாவது பாதித் தூரப் போட்டிக்கான தீவிரம். 120 கி.மீ. வரை சுகமா இருக்கும். அப்புறம் 180-ஐ முடிச்சு இறங்கினதும் ஓட்டம் நடையாகும், நடை உட்காருவதில் முடியும். அதனால் மூன்றாவது வாரக் கடைசியில் புதுசா டெஸ்ட் எடுங்க: நல்லா உடம்பைச் சூடாக்கிட்டு 20 நிமிடம் முழு முயற்சி, சராசரி வாட்டை 0.95-ஆல் பெருக்குங்க. முதல் ரெண்டு வாரம் டெஸ்ட் வேண்டாம். வர்ற எண்ணும் தப்பா இருக்கும், மனசும் உடையும். அதுவரை "முழு வாக்கியம் பேச முடியுதா" என்பதே அளவுகோல்.

அடுத்து, நேரம் குறையும்போது எதைக் காப்பாத்தணும்? 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்ஸன் குழு இதைச் சோதிச்சாங்க. வாரத்துக்கு 6 நாள் பயிற்சியை 4 ஆகவோ 2 ஆகவோ குறைச்சப்போ 15 வாரம் வரைக்கும் வி.ஓ.2 மேக்ஸ் தாக்குப்பிடிச்சது. தினம் 40 நிமிடத்தை 26 ஆகவோ 13 ஆகவோ குறைச்சப்பவும் அப்படித்தான். தீவிரத்தைக் குறைச்சப்போதான் இறங்கிச்சு. ஆனால் 13 நிமிடக் குழுவுக்கு நீண்ட நேரம் தாங்குகிற திறன் குறைஞ்சது. நமக்கு அதுதான் முக்கியம். ஆக 7 மணி நேரத்துக்கான சூத்திரம்: வாரநாளில் குட்டையும் கடினமும், வாரக்கடைசியில் ஒரே ஒரு நீளம். ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற "ஒரு மணி நேரம் மிதமா ஓட்டிட்டு வரேன்" வகையறாவை முதலில் வெட்டுங்க.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு வாரம் இப்படி இருக்கலாம்:

செவ்வாய்: ட்ரெய்னரில் (வண்டியை மாட்டி வீட்டுக்குள்ளேயே ஓட்டும் கருவி) சைக்கிள் 45 நிமிடம். 10 நிமிடம் சூடேற்றல், எஃப்.டி.பி.யில் 105 சதவீதத்தில் 4 நிமிடம் வீதம் 5 முறை, நடுவில் 3 நிமிடம் லேசா.
புதன்: நீச்சல் 45 நிமிடம்.
வியாழன்: ஓட்டம் 40 நிமிடம், அதில் 10 கி.மீ. போட்டி வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக 5 நிமிடம் வீதம் 4 முறை.
வெள்ளி: நீச்சல் 45 நிமிடம்.
சனி: சைக்கிள் 3 மணி நேரம், இறங்கினதும் 15 நிமிடம் ஓட்டம்.
ஒரு வாரநாள் காலை: 60 முதல் 75 நிமிடம் மெதுவான ஓட்டம்.

கூட்டினால் சுமார் ஏழே கால் மணி வரும். திங்கள் முழு ஓய்வு.

நீளமான நாளை ஒரு வாரம் சைக்கிளுக்கும் மறுவாரம் ஓட்டத்துக்கும் மாத்தி மாத்திக் கொடுங்க. சைக்கிள் வாரத்தில் 3-லிருந்து 5 மணி வரை படிப்படியா ஏத்துங்க. ஓட்ட வாரத்தில் 90 நிமிடத்திலிருந்து 2 மணி 20 வரை. அதுக்கு மேல ஓட்டம் வேண்டாம், கிடைக்கிற பலனைவிட ஆற எடுக்கிற நாள் அதிகம். ஓட்ட வாரத்தில் பாதி நாள் வீட்டுக்கு மிஞ்சும் என்பதும் சின்ன விஷயம் இல்லை.

முதல் நாலு வாரத்தில் ஓட்டத்துக்கு இன்டர்வல் (வேகமும் இளைப்பாறலும் மாறி மாறி) கிடையாது. 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. 25 நிமிடம் வீதம் வாரத்துக்கு மூணு முறை. ஒரே நாளில் 75 நிமிடம் ஓடுவதைவிட இது எலும்புக்கு நல்லது. கூடவே ஒற்றைக் காலில் குதிகால் தூக்கல், முழங்கால் நேராக 15, மடக்கி 15, மூணு செட். பல் தேய்க்கிறப்போ செஞ்சாலும் சரிதான்.

இனிமேலும் நாள்கள் விட்டுப்போகும், குழந்தை இருக்கு இல்லையா. அதுக்கும் இப்பவே விதி வைங்க. ஒரு பயிற்சி போனால் போனது, மறுநாளுக்குத் தள்ளாதீங்க. நீள சைக்கிள் மட்டும் விதிவிலக்கு. ஒரு வாரம் முழுசாப் போனால் அடுத்த வாரத்தை 10 சதவீதம் குறைச்சுத் தொடருங்க. ரெண்டு மூணு வாரம் போனால் திட்டத்தில் ரெண்டு வாரம் பின்னாடி போங்க. நாலு வாரத்துக்கு மேல என்றால் மறுபடி டெஸ்ட், பாதி அளவிலிருந்து ஆரம்பம்.


தண்ணிப்பூனை:

நீச்சல் பத்தி மட்டும் சொல்றேன். குளம் தூரம் என்றால் வாரத்துக்கு ஒரே தடவை போய் 90 நிமிடம் நீந்திட்டு வரலாம்னு தோணும். அது தப்பு. தண்ணீரைப் பிடிக்கிற உணர்வு அஞ்சாறு நாளிலேயே மங்கிடும். அதுவும் கடைசி 40 நிமிடம் களைச்ச கையோட, கெட்டுப்போன ஸ்ட்ரோக்கைத்தான் பழகுவீங்க. 40 நிமிடம் வீதம் ரெண்டு முறை போங்க. ரெண்டாவது தடவைக்கு வழியே இல்லைன்னா அன்னிக்கு வீட்டிலேயே ஸ்ட்ரெச் கார்டு (கட்டி வச்சுக் கையால் இழுக்கிற ரப்பர் கயிறு).

முதலில் சி.எஸ்.எஸ். (நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிற எல்லை நீச்சல் வேகம்) கண்டுபிடிங்க. 400 மீட்டர் முழு முயற்சி, நல்லா இளைப்பாறிட்டு 200 மீட்டர் முழு முயற்சி. ரெண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கினால் 100 மீட்டருக்கான வேகம். உதாரணமா 400-க்கு 8:00, 200-க்கு 3:50 என்றால் வித்தியாசம் 4:10, பாதி 2:05.

ஒரு நாள்: 200 மெதுவா, 50 வீதம் 4 டிரில், 100 வீதம் 10 சி.எஸ்.எஸ். வேகத்தில் (நடுவில் 15 விநாடி ஓய்வு), 100 ஆற. இன்னொரு நாள்: 200 மெதுவா, 600 வீதம் 2 (சி.எஸ்.எஸ்.ஐவிட 8 முதல் 10 விநாடி மெதுவா), 100 ஆற. ரெண்டாவது 600-ஐ புல் பாய் (தொடைகளுக்கு நடுவில் வைக்கிற மிதவை) வைத்து நீந்தலாம். வெட்சூட்டில் (மிதக்க உதவுகிற ரப்பர் நீச்சல் உடை) கால் மிதக்கிற நிலைக்குக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

கார்டு: இடுப்பு உயரத்தில் கட்டுங்க, முன்னால் குனிங்க, 1 நிமிடம் இழு, 30 விநாடி ஓய்வு, 10 முறை. முழங்கையை முதலில் பின்னால் இழுக்கிறதுதான் எல்லாரும் செய்ற தப்பு. அப்படிச் செஞ்சா முன்கை தண்ணியைத் தள்ளாது, தோள் மட்டும் உரசும். முழங்கை உயரத்தில் நிக்கணும், முன்கை கீழே இறங்கணும், அப்புறம்தான் இழுப்பு. கெட்டியான ரப்பர் வாங்காதீங்க. ஒரு நிமிடம் தாண்டி வடிவம் கெடாமல் இழுக்க முடியாத ரப்பர் நமக்கு வேண்டாம்.

போட்டிக்கு முன்னாடி 3.8 கி.மீ. முழுசா நீந்திப் பார்த்தே ஆகணும் என்று அவசியமில்லை. ஆனால் திறந்தவெளித் தண்ணீரில் கூட்டாளியோட, பாதுகாப்பு மிதவை கட்டிக்கிட்டு 2.5 முதல் 3 கி.மீ. ஒரு தடவையாவது நீந்தணும். 6 முதல் 8 ஸ்ட்ரோக்குக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணிக்கு மேல தூக்கிப் பாருங்க, தலையைத் தூக்கினால் கால் மூழ்கிடும். குளத்துக் கணக்கைவிட 5 சதவீதம் அதிக தூரம் நீந்துவோம் என்று வைத்துக்கொண்டே நேரம் போடுங்க.

வெட்சூட் விதியையும் பாருங்க. அயர்ன்மேன் போட்டிகளில் வயதுப்பிரிவினருக்கு (தொழில்முறை அல்லாதவங்களுக்கு) தண்ணீர் 24.5 டிகிரி செல்சியஸ் வரை அனுமதி. அதற்கு மேல் 28.8 வரை போட்டு நீந்தலாம், ஆனால் பரிசுக் கணக்கில் வரமாட்டீங்க. அதையும் தாண்டினால் தடை. முடிச்சாப் போதும் என்கிற ஆளுக்கு நடு வகை ஒரு வரப்பிரசாதம்.


பாதித்தூரம்:

எல்லாரும் "முடியும்" என்கிறதால் நான் எதிர்ப்பக்கம் பேசுறேன். முதலில் கட்-ஆஃப் கணக்கு. வழக்கமான எல்லை: நீச்சல் 2:20, சைக்கிள் முடிய 10:30, மொத்தம் 17:00. சில போட்டிகளில் இன்னும் கெடுபிடி, உங்க போட்டியின் கையேட்டைப் பாருங்க.

நீச்சல் 2:30 வேகத்தில் 1:35. டிரான்சிஷன் (ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததுக்கு மாறுகிற நேரம்) 10 நிமிடம். அதாவது 1:45-க்கு சைக்கிளில் ஏறுறீங்க. 10:30-க்குள் முடிக்க 8:45 இருக்கு, மணிக்கு 20.6 கி.மீ. போதும். 25 கி.மீ. வேகத்தில் போனால் 7:12. இன்னொரு டிரான்சிஷன் 10 நிமிடம். 9:07-க்கு ஓட்டம் ஆரம்பிச்சா கையில் 7:53 இருக்கு, கிலோமீட்டருக்கு 11:12. சுறுசுறுப்பா நடந்தாலே முடியுற வேகம். காகிதத்தில் வசதியாத்தான் இருக்கு.

காகிதத்தில் வராதது ஒண்ணு இருக்கு, தூக்கம். 7 மணி நேரப் பயிற்சியை எட்டு மணி நேரம் தூங்குறவர் செய்வதும் அஞ்சு மணி நேரம் துண்டு துண்டாத் தூங்குறவர் செய்வதும் ஒரே பயிற்சி இல்லை. ரெண்டு ராத்திரி தொடர்ந்து 5 மணிக்குக் கீழே தூங்கியிருந்தால் அன்னிக்கு இன்டர்வல் வேண்டாம். ரோட்டில் நீள சைக்கிளும் வேண்டாம். இது உடல்தகுதிப் பிரச்சினை இல்லை, ரோட்டில் கண் சொருகுற பிரச்சினை. காலை ஓய்வு நாடித்துடிப்பு வழக்கத்தைவிட 5, 7 கூடி மூணு நாள் நின்னா சளி வருது அல்லது சுமை மிஞ்சுதுன்னு அர்த்தம். குழந்தை வீட்டுக்குக் கொண்டுவர்ற சளி வேற இருக்கு. கழுத்துக்கு மேல மட்டும் என்றால் லேசா செய்யலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு வலி என்றால் முழுசா நிறுத்துங்க. காய்ச்சலோட கடினப் பயிற்சி செய்தால் இதயத்தசை அழற்சி வரை போகலாம்.

அதனால் முடிவை இப்போ எடுக்காதீங்க, ஆனால் எடுக்கிற தேதியை இப்பவே குறிங்க. போட்டிக்கு 8 வாரம் முன்னாடி ஒரு வாரக்கடைசியை வீட்டில் பேசி வாங்குங்க. சனி: இலக்கு வாட்டில் 5 மணி நேரம், இறங்கி 30 நிமிடம் ஓட்டம். ஞாயிறு: 2 மணி நேர மெதுவான ஓட்டம். சைக்கிளில் சூடேறின பிறகு முதல் பாதியின் வாட்-நாடித்துடிப்பு விகிதத்தையும் ரெண்டாம் பாதியையும் ஒப்பிடுங்க. சரிவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் அடித்தளம் இருக்கு. 10 தாண்டினால் இல்லை (கொளுத்துற வெயிலில் அல்லது தண்ணி குடிக்காமல் ஓட்டினால் இந்த எண் பொய் சொல்லும்). ஞாயிறு ஓட்டத்தில் வலியால் நடை மாறினால் அதுவும் "இல்லை" தான்.

இதுக்கு முன்னாடி ஒரு வேலை: பதிவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளவோ, அதே அமைப்பின் பாதித் தூரத்துக்கு (1.9, 90, 21.1) மாத்தவோ கடைசித் தேதி என்ன என்று இன்னிக்கே பாருங்க. அது 8 வாரத்துக்கு முன்னாடியே முடியுதுன்னா சோதனை வாரக்கடைசியையும் முன்னாடி தள்ளணும். நிறைய பேர் டெஸ்டில் தோத்த பிறகுதான் இந்தத் தேதியைத் தேடுறாங்க.


ஓடும்நதி:

இடையில் ஒரு கேள்வி. இங்கே எல்லாரும் அப்பாவுக்குச் சொல்ற மாதிரியே பேசுறீங்க. பிள்ளை பெத்தவளே போட்டியாளர் என்றால் இந்த 24 வாரக் கணக்கு என்னவாகும்? பிசியோ அக்கா இருந்தா சொல்லுங்களேன்.


பிசியோஅக்கா:

கணக்கே வேறு, நதி. 24 வாரத்தில் முதல் 12 வாரத்தை ஓட்டத்துக்கு எண்ணவே கூடாது.

2019-ல் பிரிட்டன் பிசியோதெரபிஸ்ட்கள் மூவர் வெளியிட்ட வழிகாட்டுதல்தான் இப்போது பரவலாகப் பின்பற்றப்படுகிறது: பிரசவத்துக்குப் பின் 3 மாதத்துக்குள் ஓட்டம் கூடாது, அதற்குப் பிறகும் இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்குபவை) பரிசோதித்த பின்னரே. ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் உடல் எடையின் 1.6 முதல் 2.5 மடங்கு வரை தரையிலிருந்து திரும்பி வரும். நீண்டு ஆறிக்கொண்டிருக்கும் இடுப்புத்தளமும் வயிற்றுச் சுவரும் அதை வாங்கத் தயாராக இருக்காது. சிசேரியன் என்றால் தையலின் மேல்தோல் ஆறியதை வைத்து உள்ளேயும் ஆறிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். திசுவின் வலிமை திரும்ப மாதங்கள் ஆகும்.

12 வாரம் கழித்து, ஓடத் தொடங்குமுன் இவற்றை வலியோ, கனமோ, கசிவோ இல்லாமல் செய்ய முடிகிறதா என்று பாருங்கள்: 30 நிமிடம் நடை, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்றல், ஒற்றைக் கால் ஸ்குவாட் பக்கத்துக்கு 10, நின்ற இடத்தில் 1 நிமிடம் ஜாகிங், முன்னோக்கித் தாவல் 10, ஒற்றைக் காலில் நின்ற இடத்தில் துள்ளல் பக்கத்துக்கு 10. வலிமைக்கு, ஒற்றைக் காலில் குதிகால் தூக்கல், ஒற்றைக் கால் பிரிட்ஜ், ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எழுதல், பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்கல் ஒவ்வொன்றும் 20. யோனிப் பகுதியில் ஏதோ கீழே இழுப்பது போன்ற கனம், சிறுநீர்க் கசிவு, இடுப்பு வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை ஒத்திவைத்து, இடுப்புத்தளத்தில் பயிற்சி பெற்ற பிசியோவைப் பாருங்கள். கசிவை "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று விடுவது வழக்கம். அது சரிசெய்யக்கூடிய அறிகுறி.

நீச்சலுக்குப் பிரசவ இரத்தப்போக்கு நின்று குறைந்தது 7 நாள் ஆகியிருக்க வேண்டும், தையல்கள் ஆறியிருக்க வேண்டும். சைக்கிளைச் சேணத்தில் வலியில்லாமல் உட்கார முடிந்தபின் ட்ரெய்னரில் 20 நிமிடத்திலிருந்து தொடங்கலாம். முதலில் ஏரோபாரில் (முன்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுவதற்கான கம்பி) குனிய வேண்டாம். ஹேண்டில்பாரை 2, 3 செ.மீ. உயர்த்துங்கள். குனிந்த நிலையில் வயிற்றின் நடுக்கோட்டில் மேடு எழுந்தால் இன்னும் உயர்த்த வேண்டும். பழைய சேணம் இப்போது பொருந்தாமல் போவதும் சாதாரணம்.

தாய்ப்பால் கொடுப்பவருக்கு நாளுக்கு 330 முதல் 400 கலோரி கூடுதலாகத் தேவை, பயிற்சிக்கான கலோரி அதற்கும் மேல். இதைக் கூட்டாமல் "எடையும் குறையட்டும்" என்று இருந்தால் ஆற்றல் பற்றாக்குறை எலும்பிலும் தெரியும். கணைக்காலிலும் இடுப்பெலும்பிலும் அழுத்த முறிவு வரலாம். கடினப் பயிற்சியைப் பால் கொடுத்து முடித்த உடனே வையுங்கள், மார்பின் கனம் குறைவாக இருக்கும்.

என் கருத்து: பிரசவத்திலிருந்தே 24 வாரம் என்றால் முழு தூரம் வேண்டாம். பல போட்டிகளில் கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்கும் தனி ஒத்திவைப்பு விதி உண்டு, சாதாரண ஒத்திவைப்பைவிடத் தாராளமானது. எழுதிக் கேளுங்கள்.

அப்பாக்களுக்கும் ஒன்று. குழந்தையை அக்குளில் கைவைத்துத் தூக்கித் தூக்கி, கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் தசைநார் உறை அழற்சி வருவது பெற்றோர் இருவருக்கும் உண்டு. பிரேக் ஹூட்டைப் பிடித்தால் குத்தும். கட்டைவிரலை விரித்துத் தூக்காமல், உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து அடியிலிருந்து அள்ளித் தூக்குங்கள்.


செயின்லூப்:

பயிற்சியைப் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, ரெண்டு மாசம் மூலையில் நின்ன வண்டியைப் பத்தி யாரும் பேசலையே தம்பி.

டியூப்லெஸ் டயர் என்றால் உள்ளே சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்) காய்ஞ்சிருக்கலாம். ரெண்டிலிருந்து ஆறு மாசம்தான் அதோட ஆயுள், வெப்பத்தில் இன்னும் குறைச்சல். சக்கரத்தைக் காதோரம் வச்சு ஆட்டுங்க, சளசளன்னு சத்தம் வரலைன்னா 28 மி.மீ. டயருக்கு 30, 40 மி.லி. ஊத்துங்க. சில சீலன்ட் சி.ஓ.2 (சின்ன சிலிண்டரிலிருந்து டயருக்கு அடிக்கிற வாயு) பட்டதும் கட்டியாயிடும்; போட்டியில் சி.ஓ.2 தான் கொண்டுபோறீங்கன்னா வீட்டில் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

செயின்: தேய்மானம் அளக்கிற கேஜ் 0.5 காட்டினால் மாத்துங்க. விட்டுட்டு ஓட்டினா கேசட்டும் சேர்ந்து போகும். எலக்ட்ரானிக் கியரில் மெயின் பேட்டரியை எல்லாரும் சார்ஜ் பண்ணுவாங்க, வயர்லெஸ் ஷிஃப்டருக்குள்ள இருக்கிற காசு பேட்டரியை (சி.ஆர்.2032 மாதிரி) மறந்துடுவாங்க. பவர் மீட்டரை (வாட் அளக்கிற கருவி) ஒவ்வொரு நீள ரைடுக்கும் முன்னாடி, வண்டி வெளி வெப்பத்துக்கு வந்தபிறகு ஜீரோ பண்ணுங்க. ஏ.சி. ரூமில் ஜீரோ பண்ணிட்டு வெயிலில் இறக்கினா எண் நகர்ந்துடும்.

இனிமே ட்ரெய்னரில்தான் அதிகம் ஓட்டப்போறீங்க. வியர்வைதான் அங்கே எதிரி. ஸ்டெம் போல்ட், ஏரோபார் போல்ட், ஹெட்செட் மேல் பேரிங், பார் டேப்புக்கு அடியில் அலுமினியம், இந்த நாலு இடத்தில் உப்பு இறங்கி அரிக்கும். வெளியே ஒண்ணும் தெரியாது. டேப்பைப் பிரிச்சுப் பார்த்தால் வெள்ளைப் பொடியும் குழியும் இருக்கும். குழி விழுந்த பாரைத் தூக்கிப் போட்டுடுங்க. துண்டு போட்டு ஓட்டுங்க, முடிச்சதும் ஈரத்துணியால் துடைங்க, மாசம் ஒருமுறை போல்ட்டைக் கழட்டி கிரீஸ் வச்சு, மேல எழுதியிருக்கிற டார்க்குக்கு இறுக்குங்க. ஃபேன் ஒண்ணு போதாது, ரெண்டு வேணும். உடம்பு சூடேறினா வாட் 5, 10 சதவீதம் இறங்கிக் காட்டும், நீங்க ஃபார்ம் போச்சுன்னு வருத்தப்படுவீங்க.

வண்டியை ட்ரெய்னரிலிருந்து கழட்டவே கழட்டாதீங்க. ஷூ, பாட்டில், துண்டு எல்லாம் ராத்திரியே அங்கே இருக்கணும். 45 நிமிடம் கிடைக்கிற ஆளுக்குத் தயாராக 15 நிமிடம் போச்சுன்னா மூணில் ஒரு பங்கு போச்சு.


உப்புக்கணக்கு:

நீள சைக்கிள் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருது என்பதால் உணவுப் பயிற்சிக்கு வாய்ப்பும் குறைவு. ஒவ்வொன்றையும் சோதனையாக்குங்க. முதல் நீள ரைடில் மணிக்கு 45 கிராம் கார்போஹைட்ரேட், அடுத்ததில் 55 அல்லது 60, அப்படியே 75 முதல் 90 வரை. எடுத்த எடுப்பில் 90 குடிச்சா வயிறு உப்பும். குடலுக்கும் பழக்கம் வேணும். 60 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் மட்டும் போதாது, குடலில் அதன் வாசல் நிரம்பிடும். ஃபிரக்டோஸ் வேறு வாசல் வழியா ஏறும். அதான் ரெண்டும் கலந்து தர்றது.

ஒரு மணி நேரத்துக்கான பாட்டில்: 750 மி.லி. தண்ணீர், 50 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின், 25 கிராம் ஃபிரக்டோஸ், ஒன்றரை கிராம் உப்பு (சுமார் 590 மி.கி. சோடியம்). ஜெல் எடுத்தால் வெறும் தண்ணியோட எடுங்க. ஜெல்லையும் இந்தப் பாட்டிலையும் ஒண்ணா இறக்கினால் வயிற்றில் செறிவு ஏறி, நீர் உள்ளே இழுக்கப்பட்டு, குமட்டும். ஓட்டத்தில் வாந்தி எடுப்பவர்கள் பலருக்கு ஆரம்பம் சைக்கிளில் நடந்த இந்த வேலைதான்.

வியர்வை அளவு: ஒரு மணி நேர ரைடுக்கு முன்னும் பின்னும் ஆடையில்லாமல் எடை. 70.0 கிலோ 69.3 ஆகி, நடுவில் 500 மி.லி. குடிச்சிருந்தால் மணிக்கு 1.2 லிட்டர் வியர்வை. அதைவிட அதிகமா ஒருநாளும் குடிக்காதீங்க. நீளப் போட்டியில் எடை கூடி முடிக்கிறவங்களுக்குத்தான் இரத்த சோடியம் அபாயகரமா இறங்கும்.

தூக்கம் கெட்ட காலத்தில் காபியும் கூடும். உடம்பில் பாதி காஃபின் போகவே அஞ்சு மணி நேரம் ஆகும். மதியத்துக்கு மேல் நிறுத்துங்க.


பெடல்பித்தன்:

எல்லாருக்கும் நன்றி. ஒத்திவைப்புக் கடைசித் தேதியைப் பார்த்தேன், போட்டிக்கு 10 வாரம் முன்னாடி முடியுது. அப்போ சோதனை வாரக்கடைசியைப் போட்டிக்கு 11 வாரம் முன்னாடி வைக்கிறேன். ஒண்ணே ஒண்ணு பாக்கி: புது வேலையில் நாலு வாரத்துக்கு ஒரு வாரம் இரவுப் பணி. அந்த வாரத்தில் என்ன செய்றது?


நீள்தூரம்:

அதுவே உங்க ஓய்வு வாரம். மூணு வாரம் ஏத்தி ஒரு வாரம் இறக்கும் திட்டத்துக்கு அது தானாகவே பொருந்துது, காலண்டரில் இப்பவே 24 வாரத்துக்கும் குறிச்சுடுங்க. 11 வாரம் முன்னாடி வர்ற சோதனை இரவு வாரத்திலோ அது முடிஞ்ச உடனேயோ விழுந்தால் 12-க்கு நகர்த்துங்க, பின்னாடி நகர்த்தாதீங்க.

அந்த வாரம் மொத்தம் 3 மணி நேரம் போதும். பணி முடிஞ்சு வந்ததும் பயிற்சி இல்லை, நேரா படுக்கை. முக்கியத் தூக்கம் முடிஞ்சு எழுந்து ஒரு மணி நேரம் கழிச்சு ட்ரெய்னரில் 40 நிமிடம், அதில் 1 நிமிடம் வேகம் 6 முறை மட்டும். தீவிரத்தின் வாசனை இருந்தால் போதும். இன்னொரு நாள் 30 நிமிட ஓட்டம், ரெண்டு நாள் கார்டு. மீதியை நடையில் கழிங்க. ரோட்டு சைக்கிளும் தனியா நீச்சலும் அந்த வாரம் முழுக்க வேண்டாம். கடைசி இரவுப் பணி முடிஞ்ச பிறகு ரெண்டு முழு ராத்திரி தூங்கிட்டுத்தான் அடுத்த நீள ரைடு. பணி வெள்ளி காலையில் முடியுதுன்னா சனியை விட்டுட்டு ஞாயிறை வீட்டில் கேளுங்க.

டேப்பருக்கும் (போட்டிக்கு முன்னாடி பயிற்சியைக் குறைக்கிற காலம்) இது பொருந்துதான்னு பாருங்க. கடைசி ரெண்டு வாரத்தில் நேரத்தை முதலில் 40, பிறகு 60 சதவீதம் குறைக்கணும், தீவிரத்தைக் குறைக்கக் கூடாது. அந்த ரெண்டு வாரத்தில் இரவுப் பணி விழுந்தால் இப்பவே யார்கிட்டயாவது பேசி மாத்திக்கோங்க. கடைசி மாசத்தில் கேட்டால் யாரும் தரமாட்டாங்க.